லாரி தார்ப்பாயில் தைத்த ஒரு பை தொழிலானது எப்படி: ஃப்ரைடாக், ஒரு முழு ஆய்வு

தனக்கென்று வடிவமைத்த ஒரு பொருள் நாலு பேருக்குப் பிடித்துப்போய், கடைசியில் தொழிலாகவே ஆகிவிட்ட கதைகள் பை, பெல்ட், நகை, தொப்பி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான கதைகள் முதல் பொருள் எப்படிப் பிறந்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆயிரமாவது பொருள் எப்படித் தயாரானது, அதற்கான மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் வெட்டினார்கள், ஏன் அந்த விலை என்பதெல்லாம் வருவதே இல்லை. தொழில் தொடங்க நினைக்கிறவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது பாதிதான். அதனால் இரண்டு பாதியும் தெளிவாகத் தெரிகிற ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டேன்: சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் மார்கஸ் ஃப்ரைடாக், டானியல் ஃப்ரைடாக் என்ற சகோதரர்கள் 1993-ல் தொடங்கிய ஃப்ரைடாக்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சகோதரர்களின் முதல் பையில் தொழிலுக்கு ஒத்துவராத ஒரு தொல்லை இருந்தது. மூலப்பொருள் அழுக்கான பழைய சரக்கு, ஒரு துண்டு போல இன்னொரு துண்டு இருக்காது. பெரிதாக்கும்போது அந்தத் தொல்லையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது ரோல் துணிக்கு மாறுவதுதான் வழக்கம். இவர்கள் மாறவில்லை. அந்தத் தொல்லையை வைத்துக்கொண்டே எப்படிப் பெரிதாவது என்று யோசித்து, அதற்காகவே கிடங்கு, சலவைக்கூடம், வெட்டும் முறை, கடை அலமாரி வரை எல்லாவற்றையும் வடிவமைத்தார்கள்.

தேவை என்ன?

சகோதரர்கள் இருவரும் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். சைக்கிளில் போய்வருகிறவர்கள். சூரிக்கில் மழை அடிக்கடி வரும். வரைந்த தாள்களை நனையாமல் எடுத்துப்போக வேண்டும், பை தாங்க வேண்டும், சைக்கிள் மிதிக்கும்போது தோளிலிருந்து நழுவக்கூடாது. அவ்வளவுதான் தேவை. இதில் ஃபேஷன் என்ற பேச்சே இல்லை.

பையின் உருவத்தை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க நகரங்களில் சைக்கிளில் கடிதமும் பொட்டலமும் கொண்டுபோகும் கூரியர்கள் பல காலமாக வைத்திருந்த பைதான் அது: அகலமான மூடி, ஒற்றைப் பட்டை, மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டால் முதுகில் கிடக்கும், கழற்றாமலே முன்னால் இழுத்து உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். நல்ல உருவம் ஏற்கெனவே இருக்கும்போது அதை மாற்றியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்காதது அவர்களுக்கு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். முதல் பொருளில் எல்லாமே புதிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற வடிவமைப்பாளர்கள் அதிகம், அவர்களில் பலர் முதல் மாதிரியைத் தாண்டுவதே இல்லை.

புதியதாக வந்தது மூலப்பொருள். அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஹார்ட்ப்ரூக்கே என்ற மேம்பாலச் சாலை. நகரத்துக்கு ஊடே போகும் கனரக லாரிகள் நாள் முழுக்க அதில் ஓடிக்கொண்டிருக்கும், பக்கவாட்டில் பெரிய பெரிய எழுத்துகளோடும் பளிச்சென்ற நிறங்களோடும் தார்ப்பாய் போர்த்திய லாரிகள். மழையில் நனையாத, வெயிலில் வெளுத்தாலும் கிழியாத, வருடக்கணக்கில் சாலையில் சோதிக்கப்பட்ட துணி கண்ணுக்கு எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதில்தான் முதல் பை. தோள்பட்டைக்குக் கழித்துப்போட்ட காரின் சீட் பெல்ட், ஓரங்களுக்கு சைக்கிளின் பழைய உள் டியூப்.

இந்த மூன்றையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் தேர்வு அழகுக்காக மட்டும் நடந்ததல்ல. லாரி தார்ப்பாய் என்பது பாலியஸ்டர் நூலால் நெய்த துணியின் இரண்டு பக்கமும் பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசியது. ஒரு சதுர மீட்டர் 600-லிருந்து 900 கிராம் வரை எடை இருக்கும், சாதாரணப் பைத் துணியைவிடப் பல மடங்கு கனம். பூச்சு இருப்பதால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டிய அவசியம் குறைவு. ஆனால் வெட்டிய ஓரம் விறைப்பாக, கூர்மையாக இருக்கும், கையிலும் சட்டையிலும் உரசும். அந்த இடத்தில் வளைந்துகொடுக்கிற ரப்பர் டியூப் வந்து உட்கார்ந்தால் உரசல் போய்விடும். சீட் பெல்ட் நாடா ஏறக்குறைய 47 மில்லிமீட்டர் அகலம், நெருக்கமான நெசவு, விபத்தில் ஓர் ஆளையே பிடித்து நிறுத்துவதற்காக நெய்தது. பையின் எடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அகலம் இருப்பதால் தோளிலும் அழுந்தாது. மூன்றுமே சாலையிலிருந்து வந்தவை, மூன்றும் தன் முந்தைய வேலையில் செய்ததையே பையிலும் செய்கின்றன. அதனால்தான் பையைப் பார்த்தவுடனே யாரும் விளக்கம் சொல்லாமலே அது என்னவென்று புரிந்துவிடுகிறது.

முதல் பைக்கும் பத்தாவது பைக்கும் நடுவில்

முதல் பைகள் வீட்டுக்குள்ளேயே தயாரானவை. தார்ப்பாயைக் குளியல் தொட்டியில் போட்டுக் கழுவினார்கள், வீட்டுக் கூடத்தில் விரித்து வெட்டினார்கள். சாலைப் புகையும் டீசலும் கிரீசும் ஏறிய தார்ப்பாயின் நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். கழுவிய பிறகும் அந்த வாசனை முழுதாகப் போகாது, இன்று வரை புதுப் பை வாங்குகிறவர்களுக்கு அது தெரியும்.

தைப்பதும் சுலபமில்லை. துணியில் தப்பாகத் தைத்துவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், ஊசித் துளை தானாக மூடிக்கொள்ளும். பிவிசி பூசிய தார்ப்பாயில் ஊசி இறங்கிய இடம் துளையாகவே நிற்கும், பிரித்தால் அந்த வரிசை முழுக்கத் துளை தெரியும், தண்ணீரும் அதன் வழியே இறங்கும். மிஷினின் சாதாரணக் காலடியில் பூச்சு ஒட்டிக்கொண்டு துணி நகராமல் நிற்கும், மேலும் கீழும் சேர்த்து இழுக்கிற கனரக மிஷின் வேண்டும். மூன்று நான்கு அடுக்கு சேரும் மூலைகளில் ஊசி உடையும். ஆக, வடிவமைப்பு தானாகவே எளிமையானது: நேர்க்கோடுகள், குறைந்த மூலைகள், ஒரே தடவையில் சரியாக விழ வேண்டிய தையல். அந்தப் பையின் முரட்டு எளிமைக்கு ரசனை ஒரு காரணம் என்றால், இந்தப் பொருள் மீறவிடாத விதிகள் இன்னொரு காரணம்.

தனக்காக ஒரு பை செய்கிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கட்டத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. எந்த இடத்தில் கை வலிக்கிறது, எந்த இடத்தில் நேரம் போகிறது என்பதெல்லாம் சொந்தக் கையால் செய்யும்போதுதான் தெரியும். நேராகத் தொழிற்சாலையில் மாதிரி செய்யக் கொடுத்துவிட்டால் வரைபடம் மட்டும்தான் நமக்குத் தெரியும், பொருளைத் தெரியாது.

பிரிந்த சாலை

பிறர் கேட்க ஆரம்பித்ததும் கணக்கு மாறுகிறது. ஒன்றிரண்டு பைக்கு ஒரு தார்ப்பாய் போதும். நூறு, ஆயிரம் என்று போனால்? பழைய தார்ப்பாயைத் தேடி அலைய வேண்டும், ஒவ்வொன்றும் வேறு நிறம், வேறு தேய்மானம், எங்கே கிழிசல், எங்கே ஒட்டுப்போட்ட இடம் என்று முன்கூட்டியே தெரியாது. கடைக்காரர் "அந்த நீல நிறப் பை இன்னும் இருபது அனுப்புங்கள்" என்றால் அனுப்ப முடியாது.

அதே உருவப் பையை இன்னொரு விதமாகத் தொழிலாக்கியவரும் இருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் சைக்கிள் கூரியராக இருந்த ராப் ஹனிகட் 1989-ல் தனக்கும் சக கூரியர்களுக்கும் பை தைக்க ஆரம்பித்தார், அதுதான் பிறகு டிம்பக்2 ஆனது. அவர் புதுத் துணியில் போனார். பையின் முகப்பை மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறத்தை வாங்குகிறவரே சொல்லலாம் என்று வைத்தார். ரோலாக வரும் துணி, எல்லாப் பைக்கும் ஒரே வெட்டு, நிறம் மட்டும் மாறும். கேட்ட பிறகு தைத்துக்கொடுக்கலாம், கிடங்கில் பை தேங்காது. உற்பத்தி என்று பார்த்தால் மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு, அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஃப்ரைடாக் சகோதரர்களுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. புதுத் தார்ப்பாய் ரோல் வாங்கலாம், பளிச்சென்ற எழுத்துகளை அச்சடித்துக்கொள்ளலாம், தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அப்படிப் போயிருந்தால் பை விலை குறைந்திருக்கும், வேகமும் கூடியிருக்கும், ஆனால் அதே ரோலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலையும் வந்திருக்கும். அவர்கள் பழைய தார்ப்பாயிலேயே நின்றார்கள். இந்த முடிவுக்குப் பிறகு பை தைப்பது தொழிலின் ஒரு சிறு பகுதி ஆகிவிட்டது. மிச்சமெல்லாம் தார்ப்பாயைப் பற்றியது.

தார்ப்பாய் பையாகும் வழி

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும்.

முதலில் தேடுதல். இதற்கென்றே நிறுவனத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், லாரி வேட்டைக்காரர்கள் என்று சொல்லலாம். ஐரோப்பா முழுக்க உள்ள லாரிப் போக்குவரத்து நிறுவனங்களோடு தொடர்பில் இருந்து, எந்த நிறுவனம் எப்போது தார்ப்பாயை மாற்றுகிறது, என்ன நிறம், எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துப் பேரம் பேசி வாங்குவது அவர்கள் வேலை. ஒரு தார்ப்பாய் பல வருடம் ஓடிய பிறகுதான் கழிக்கப்படும். கழிவுதானே, சும்மா கிடைக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. நல்ல நிறத்துக்குப் போட்டி இருக்கும், பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், பிறகு சூரிக் வரை கொண்டுவர வேண்டும். அடுத்த வருடம் என்ன நிறத்தில் பை விற்கலாம் என்பதை இந்த நிறுவனம் தானே முடிவு செய்ய முடியாது, ஐரோப்பிய லாரி முதலாளிகள் சில வருடங்களுக்கு முன் எந்த நிறத்தில் தார்ப்பாய் போட்டார்களோ அதுதான் வந்துசேரும்.

அடுத்தது பிரித்தல். லாரியிலிருந்து இறங்கிய தார்ப்பாயில் வளையம், பக்கிள், பட்டை, கயிறு என்று என்னென்னவோ இருக்கும். நீளமான மேஜையில் விரித்துவைத்து எல்லாவற்றையும் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, ஏறக்குறைய 2.4 மீட்டர் நீளத் துண்டுகளாக ஆக்குகிறார்கள். இது முழுக்க உடல் உழைப்பு. துண்டைத் தூக்குவதே கனமான வேலை.

பிறகு சலவை. குளியல் தொட்டியில் தொடங்கிய வேலை இப்போது பெரிய தொழிற்சாலை மிஷின்களில் நடக்கிறது. 2011-லிருந்து சூரிக்கின் ஓர்லிகோன் பகுதியில் நோர்ட் என்ற கட்டிடத்தில் இயங்குகிறார்கள், அங்கே சேமித்த மழைநீரை சலவைக்குப் பயன்படுத்துகிறார்கள். மழைக்காகப் பிறந்த பை மழைநீரில் கழுவப்படுவது எனக்குப் பிடித்த விவரம். அதே சமயம் இது வெறும் அலங்காரமும் இல்லை, இவ்வளவு அழுக்குச் சரக்கை வருடம் முழுக்கக் கழுவுகிற இடத்தில் தண்ணீரும் அதைச் சூடாக்கும் செலவும் பெரிய கணக்கு.

கழுவிய துண்டுகள் நிறவாரியாகக் கிடங்கில் அடுக்கப்படும். அங்கிருந்து வெட்டும் மேஜைக்கு.

வெட்டும் மேஜைதான் இந்தத் தொழிலின் மையம் என்று நான் நினைக்கிறேன். பொதுவாகப் பைத் தொழிலில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு மிஷினில் ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். இங்கே அது நடக்காது, துண்டுக்குத் துண்டு வேறு என்பதால். ஒவ்வொரு துண்டையும் மேஜையில் விரித்து, பையின் பாகங்களுக்கான ஒளிபுகும் பிளாஸ்டிக் அச்சுகளை அதன் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, எந்த இடம் மூடிக்கு, எந்த இடம் பக்கத்துக்கு, எந்த எழுத்தின் எந்த வளைவு முகப்பில் விழ வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். பிறகு கட்டரால் கையாலேயே வெட்டுகிறார். அச்சு ஒளிபுகுவதாக இருப்பது ஏன் என்று யோசித்துப் பார்த்தால் புரியும்: கீழே இருக்கும் படம் தெரிந்தால்தான் எங்கே வைப்பது என்று சொல்ல முடியும். ஒரு பெரிய லாரி எழுத்தின் ஒரு பகுதி மட்டும் மூடியில் விழுந்தால் அது எழுத்தாகப் படிக்கப்படாது, உருவமாகத் தெரியும். கிழிசலையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் தள்ளிவைக்க வேண்டும், கீறலை விட்டுவைக்கலாம். வீணாகும் ஓரங்களைக் குறைக்கவும் வேண்டும். அழகும் கணக்கும் ஒரே ஆளின் கையில், ஒரே நிமிடத்தில் முடிவாகின்றன. ஆக அங்கே வெட்டுகிறவர்களும் வடிவமைப்பாளர்கள்தான், நிறுவனமும் அவர்களை அப்படித்தான் அழைக்கிறது.

சகோதரர்கள் வீட்டுக் கூடத்தில் தாங்களே செய்த அந்த முடிவை, தாங்கள் இல்லாதபோதும் பிறர் செய்யும்படி ஒரு அச்சும் ஒரு மேஜையுமாக மாற்றியிருக்கிறார்கள். தனிமனிதத் திட்டம் தொழிலாவது என்பதை எனக்கு யாராவது விளக்கச் சொன்னால் இந்த மேஜையைத்தான் காட்டுவேன்.

வெட்டிய பாகங்கள் தையலுக்கு வெளியே போகின்றன. சுவிட்சர்லாந்துக்குள்ளும் போர்ச்சுகல், செக் குடியரசு போன்ற நாடுகளிலும் உள்ள கூட்டாளித் தையற்கூடங்கள் தைத்துத் திருப்பி அனுப்புகின்றன. எதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள், எதை வெளியே விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தேடுதல், கழுவுதல், வெட்டுதல் மூன்றும் உள்ளே. தையல் வெளியே, ஏனென்றால் வெட்டு முடிந்த பிறகு பையின் முகம் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, மிச்சம் இருப்பது திறமையான தையல், அது பிறரிடமும் இருக்கிறது. சிறு பிராண்டுகள் பல இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன: தையலை விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டு, மூலப்பொருளைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகின்றன.

ஒவ்வொன்றும் வேறாக இருக்கும் பொருளை எப்படி விற்பது?

திரும்பி வந்த பையைச் சரிபார்த்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுக்கிறார்கள். மாடலுக்கு ஒரு படம் எடுத்துவிட்டு ஆயிரம் விற்கிற வசதி இவர்களுக்குக் கிடையாது. இணையத்தில் ஒருவர் பார்க்கிற படம் எந்தப் பையோ அந்தப் பைதான் வீட்டுக்கு வரும், விற்றுவிட்டால் அந்தப் படம் போய்விடும்.

கடையிலும் இதே பிரச்சினை. நூற்றுக்கணக்கான பைகளை விரித்துவைத்தால் கடை சந்தைபோல ஆகிவிடும், அடுக்கிவைத்தால் எதுவும் தெரியாது. அவர்கள் கண்ட வழி அட்டைப் பெட்டி இழுப்பறைகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பை, பெட்டியின் முன்பக்கத்தில் அந்தப் பையின் படம். சுவர் முழுக்கப் படங்கள், பிடித்ததை இழுத்தால் பை. கிடங்கும் காட்சியும் ஒரே அலமாரி. 2000-களின் தொடக்கத்திலேயே இன்னொரு வழியையும் திறந்தார்கள்: வாங்குகிறவரே இணையத்தில் ஒரு தார்ப்பாயின் மேல் அச்சை நகர்த்தித் தன் பைக்கான பாகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வெட்டுகிறவரின் மேஜையை வாங்குகிறவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லாததால் வந்த தொல்லை, பை வாங்குவதையே ஒரு தேடலாக மாற்றிவிட்டது.

2006-ல் சூரிக்கில் ஹார்ட்ப்ரூக்கேவுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை கட்டினார்கள். பழைய சரக்குக் கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய 26 மீட்டர் கோபுரம். உச்சிக்கு ஏறினால் கீழே லாரிகள் ஓடுவதைப் பார்க்கலாம். விளம்பரத்துக்காகச் செலவழித்த பணம் என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு அது பொருளின் பூர்வீகத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விளக்குகிற இடம்.

இவர்களின் ஆரம்பகாலப் பைகளில் ஒன்றான டாப் கேட் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் வடிவமைப்புத் தொகுப்பில் இருக்கிறது. பெருமைதான். ஆனால் அருங்காட்சியகத்தில் இடம் பிடித்தும் காணாமல்போன பொருட்கள் ஏராளம், அதனால் தொழில் நிலைத்து நின்றதற்கான காரணத்தை நான் அங்கே தேடமாட்டேன்.

நகல்

வெற்றி வந்தால் நகலும் வரும். 1990-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் பெரிய சில்லறைச் சங்கிலியான மிக்ரோஸ் இதே சாயலில் மலிவான ஒரு பையைக் கொண்டுவந்தது. சகோதரர்களின் குடும்பப் பெயருக்கு ஜெர்மனில் வெள்ளிக்கிழமை என்று பொருள், அந்தப் பைக்கு மிக்ரோஸ் வைத்த பெயர் டோனர்ஸ்டாக், அதாவது வியாழக்கிழமை. யாரைக் குறிவைத்தது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சகோதரர்கள் எதிர்த்து நின்றார்கள்.

இங்கே இன்னொரு கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன்படும். 1986-ல் அமெரிக்காவில் ராமி ரெவ்சன் என்ற பாடகி, தன் முடி உடையாமல் கட்டிக்கொள்ள எலாஸ்டிக்கைத் துணிக்குள் வைத்துச் சுருக்கித் தைத்த ஒரு வளையத்தைச் செய்தார். பைஜாமாவின் இடுப்புப் பட்டைதான் அவருக்கு யோசனை தந்தது. அதுதான் இன்று எங்கும் இருக்கிற ஸ்க்ரன்சி. அவரும் தனக்காகத்தான் செய்தார், 1987-ல் வடிவமைப்புப் பேட்டன்ட் வாங்கினார், லைசென்ஸ் கொடுத்து விற்றார். ஆனால் ஒரு முழம் துணியும் ஒரு எலாஸ்டிக்கும் இருந்தால் யாரும் பத்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய பொருள் அது, நகல்கள் கொட்டின, வழக்குகளில் அவர் வருடங்களைச் செலவழிக்க வேண்டியிருந்தது. பேட்டன்ட் அவருக்கு வருமானம் தந்தது உண்மை. எளிய பொருளுக்கு வேறு கவசமும் கிடையாது.

ஃப்ரைடாக்கின் கவசம் சட்டத்தில் மட்டும் இல்லை. அந்தப் பையின் தோற்றத்தைப் புதுத் துணியில் யாரும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் உண்மையான பழைய தார்ப்பாயில், அதே அளவில், அதே தரத்தில் செய்ய வேண்டும் என்றால் லாரி நிறுவனங்களோடு வருடக்கணக்கான தொடர்பு, சலவைக்கூடம், துண்டுக்குத் துண்டு முடிவெடுக்கத் தெரிந்த கைகள் எல்லாம் வேண்டும். நகல் செய்கிறவர் தேடுவது சுலபமான லாபம், அவருக்கு இவ்வளவு சுமை கட்டுப்படியாகாது. முதல் நாளில் தொல்லையாகத் தெரிந்ததே பிறகு வேலியாக நின்றது. தன் திட்டத்தைத் தொழிலாக்க நினைக்கிறவர் தன் பொருளில் பிறர் செய்யத் தயங்குகிற பகுதி எது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அப்படி எதுவுமே இல்லை என்றால் அது ரெவ்சனின் வழி, அப்போது விற்பனைக்கு முன்பே சட்டப் பாதுகாப்பைத் தேட வேண்டும்.

விலை

"பழைய தார்ப்பாய்க்கு இவ்வளவு விலையா?" என்ற கேள்வி இந்த நிறுவனத்தை எப்போதும் துரத்துகிறது. ஒரு நடுத்தர அளவுக் கூரியர் பை 200 சுவிஸ் பிராங்க் சுற்றுவட்டத்தில் விற்கிறது. மேலே சொன்ன வரிசையை மறுபடி ஓட்டிப் பாருங்கள்: ஆள் போட்டுத் தேடுதல், வாங்குதல், ஏற்றுமதி இறக்குமதி, கையால் பிரித்தல், சலவை, கையால் வெட்டு, தையல், ஒவ்வொன்றுக்கும் தனிப் படம். இதில் பாதிக்கு மேல் சூரிக்கில் நடக்கிறது, கூலி மிக அதிகமான நகரங்களில் ஒன்று அது. பொருள் கழிவாக இருப்பதால் விலை குறையும் என்பது பலரும் செய்கிற தப்புக்கணக்கு. பழைய சேலை, பழைய ஜீன்ஸ், பழைய பேனர் என்று எதை எடுத்துப் பை செய்தாலும் இதே கணக்கு வரும். புதுத் துணி ரோலாக, ஒரே அகலத்தில், சுத்தமாக வருகிறது, அந்த வசதிக்கான செலவு ஏற்கெனவே அதன் விலைக்குள் இருக்கிறது. கழிவுப்பொருளில் அந்தச் செலவு முழுக்க நம் தலையில் விழுகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் முதல் விலையைக் குறைவாக வைத்துவிட்டுப் பிறகு ஏற்ற முடியாமல் மூடிய சிறு தொழில்கள் எத்தனையோ.

அடுத்தடுத்த பொருள்கள்

பர்ஸ், லேப்டாப் உறை, முதுகுப்பை என்று வரிசை வளர்ந்தது. 2010-ல் ரெஃபரன்ஸ் என்று ஒரு தனி வரிசை வந்தது, எழுத்தும் படமும் இல்லாத ஒற்றை நிறத் தார்ப்பாயில், கொஞ்சம் அமைதியான உருவங்களில். அதே மூலப்பொருளின் இன்னொரு பக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது நல்ல யோசனை. எழுத்து உள்ள துண்டுக்கு ஒரு பை, இல்லாத துண்டுக்கு இன்னொரு பை.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது 2014-ல் வந்த துணி. நோர்ட்டில் வேலை செய்கிற தங்கள் ஆட்களுக்கு ஏற்ற வேலை உடுப்பு வேண்டும் என்று தேடினார்கள், தாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு உறுதியாகவும் மண்ணில் மக்கிப்போகக்கூடியதாகவும் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் ஆளி, சணப்பு, மோடல் (மரக்கூழிலிருந்து எடுப்பது) நார்களில் தாங்களே ஒரு துணியை உருவாக்கினார்கள், முழுக்க ஐரோப்பாவுக்குள்ளேயே தயாராகும்படி, தையல் நூல்கூட மக்கும்படி. ஜீன்ஸ் போன்ற கால்சட்டைகளில் பொத்தானைக் கழற்றி எடுக்கும்படி வைத்தார்கள், ஏனென்றால் உலோகம் மக்காது. 1993-ல் செய்ததையே இருபது வருடம் கழித்து மறுபடி செய்திருக்கிறார்கள்: தனக்கு வேண்டியது கடையில் இல்லை, சரி, நாமே செய்வோம். பெரிதான நிறுவனங்களில் புதுப் பொருள் வழக்கமாகச் சந்தை ஆராய்ச்சியிலிருந்து வரும், இங்கே மறுபடியும் சொந்தத் தேவையிலிருந்து வந்தது. தார்ப்பாய்ப் பையின் அளவுக்கு அது அடையாளமாகவில்லை, அதில் ஆச்சரியமும் இல்லை. உடுப்பு என்றால் அளவு, உடல்வாகு, பருவம் என்று முற்றிலும் வேறு கணக்கு, பைத் தொழிலின் அனுபவம் அங்கே பாதிதான் உதவும்.

இன்று எங்கே நிற்கிறது

பை கெட்டுப்போகாது என்பது இந்தத் தொழிலின் வினோதமான சிக்கல். லாரியில் வருடக்கணக்கில் தாங்கியது தோளில் இன்னும் பல வருடம் தாங்கும், அப்புறம் யார் இரண்டாவது பை வாங்குவார்கள்? பழுதுபார்க்கும் சேவை வைத்திருக்கிறார்கள். 2019-லிருந்து, பை வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் பையை மாற்றிக்கொள்ள ஒரு இணையத்தளத்தையும் நடத்துகிறார்கள், அதில் பணம் கைமாறாது. உலகமே தள்ளுபடி போடுகிற பிளாக் ஃப்ரைடே அன்று தங்கள் இணையக் கடையை மூடிவிட்டு, வருகிறவர்களை அந்த மாற்றுத் தளத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஒரு பிரதி உள்ள பொருளுக்கு மட்டும்தான் இப்படிப்பட்ட மாற்று வேலை செய்யும், இரண்டு பேரிடம் ஒரே பை இருந்தால் எதற்கு மாற்றுவது?

தீராத கேள்வி பிவிசி. பழைய தார்ப்பாயின் ஆயுளைப் பையாக நீட்டுவது நல்லதுதான், ஆனால் பையின் ஆயுளும் ஒரு நாள் முடியும், அப்போது பிவிசியும் பாலியஸ்டரும் ஒட்டிக்கிடக்கிற அந்தக் கலவையை மறுபடி பிரித்துப் பயன்படுத்துவது கடினம். இதற்கு இரண்டு பக்கமாக முயற்சி நடக்கிறது. 2024-ல் பக்கிள், ஜிப், நாடா உட்பட எல்லாமே பாலிஅமைடு 6 (ஒருவகை நைலான்) என்ற ஒரே பொருளால் ஆன முதுகுப்பை ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ஒரே பொருள் என்பதால் பிரிக்க வேண்டியதே இல்லை, அப்படியே அரைத்து மறுசுழற்சிக்குப் போகலாம். இது பழைய தார்ப்பாய் இல்லாத பை, புதுப் பொருளில் ஆன பை. 1993-லிருந்து பிடித்துக்கொண்டிருந்த விதியிலிருந்து விலகுகிற பொருள் என்றும் சொல்லலாம். இன்னொரு பக்கம், சுழற்சிக்கு ஏற்ற புதுவகை லாரித் தார்ப்பாயையே உருவாக்கக் கூட்டாளிகளோடு வேலை செய்கிறார்கள். அது வெற்றி பெற்றால் லாரிக்குப் போகும் தார்ப்பாயே பிற்காலத்துப் பையை மனதில் வைத்து நெய்யப்படும், பையின் வடிவமைப்பு லாரி ஓடத் தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்தத் தார்ப்பாயைப் போட்டுக்கொள்ள லாரி முதலாளிகள் சம்மதிப்பார்களா, அதற்கு அதிக விலை கொடுப்பார்களா என்பதுதான் இப்போது இந்தத் தொழிலின் பெரிய கேள்வி. இதற்கு விடை கிடைக்க வேண்டிய இடம் பைக் கடை இல்லை, சரக்குப் போக்குவரத்து அலுவலகம்.